இன்னாசியின் இழுவை

பாம்பன் இன்னாசிக்குக் கரைவலை இழுப்பதும் கோயிலில் பாடுவதும் ஒரே வேலைதான். இரண்டுக்கும் மூச்சு வேண்டும். பூசைப் பாட்டெல்லாம் லத்தீனில் இருந்த காலம் அது. அர்த்தம் அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் அவன் வாயைத் திறந்தால் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

அவன் மனைவி செபஸ்தியம்மாள் முடக்குவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். பூசைக்குப் போக வழியில்லை. கோயில் கூப்பிடு தூரம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவான். பாட்டு காற்றில் வரும். அவளுக்குப் பூசை என்றால் அவன் குரல்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் புதிதாக வந்த சவேரியார் சாமியாருக்குக் காது கூர்மை. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில், சொல்லின் கடைசியில் குரலை நீட்டுவார்களே, லத்தீனையும் இன்னாசி அப்படியேதான் இழுத்தான். 'தொமினே' என்று எடுத்தால் அந்த 'னே' குந்துகால் கடற்கரை வரைக்கும் போகும்.

"இன்னாசி, முதல் அசைய அழுத்தணும்ப்பா," என்றார் சாமியார்.

"தோஓமினே," என்றான் இன்னாசி.

"அழுத்தச் சொன்னா நீட்டுறியே! அது குறில். குறிலாவே இருக்கட்டும், அழுத்தம் மட்டும் குடு. ஈஸ்டருக்குள்ள சரிபண்ணு. இல்லாட்டி மத்தவங்க பாடட்டும்."

தமிழ் வாய்க்கு நீட்டத் தெரியும், குறுக்கத் தெரியும். நீட்டாமல் அழுத்த எங்கே தெரியும்? சாமியார் பாவம், பொறுமையாகத்தான் விளக்கினார்: கடைசிக்கு முந்தின அசை நெடிலானால் அழுத்தம் அதன்மேல், குறிலானால் அதற்கும் முந்தினதன்மேல். இன்னாசிக்குத் தலை சுற்றியது. ஆனால் தான் பாடாவிட்டால் செபஸ்தியம்மாள் யார் குரலைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள்? ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் முழுக்கக் கடற்கரையில் முனகிக்கொண்டே திரிந்தான். கூட வலை இழுப்பவர்கள் கேலி செய்தார்கள். ஒருநாள் சொல்லைக் கயிறு மாதிரி இழுப்பதை விட்டுவிட்டு, கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளுகிற மாதிரி ஒரே தள்ளாகச் சொல்லிப் பார்த்தான். வந்துவிட்டது.

ஈஸ்டர் காலைப் பூசையில் ஒரு பிசகு இல்லை. சாமியார் முகமெல்லாம் சிரிப்பு. இன்னாசி வீட்டுக்கு ஓடினான்.

"கேட்டியா?"

"கேட்டேன். நல்லாப் பாடுனாக. ஆனா ஒங்க குரலத்தான் காணோம். காதத் தீட்டிக்கிட்டுக் கெடந்தேன். மேலுக்கு முடியலையா?"

பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு எல்லாச் சொல்லையும் சாமியார் சொன்னபடியே பாடினான். கடைசி ஆமெனை மட்டும் பழையபடி இழுத்தான். சாமியார் பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். இன்னாசி கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது செபஸ்தியம்மாளின் தலையணை நனைந்திருந்தது.

"இன்னைக்கு வந்துட்டீக," என்றாள்.