செரிப்பழம் ஆயப் போய் மரை கொண்டுவந்த கதை

அந்த மரைமானை நாங்கள் கொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் கதை எங்கள் சொந்தக்காரர் வாயெல்லாம் சுற்றி வந்தபோது, அப்பா துவக்கோடு காட்டுக்குள் வேட்டைக்குப் போன ஆளாக மாறியிருந்தார். துவக்கை விடுங்கள், தயிர்ப் பெட்டியில் போட்டிருக்கும் தேதிக்கு முதல்நாளே தயிரைக் குப்பையில் கொட்டுகிற மனிதர் அப்பா.

அப்போது எனக்கு எட்டு வயது. மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் இருந்தோம். டிசம்பர் விடுமுறை. யாரா பள்ளத்தாக்கில் செரிப்பழம் நாங்களே ஆய்ந்து சாப்பிடலாம் என்று யாரோ சொல்ல, அப்பா, அம்மா, மாமா, நான் என்று நாலு பேரும் விடியவே எங்கள் பழைய வான் வண்டியில் கிளம்பினோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இலங்கையிலிருந்து படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, பிறகு எங்கள் வீட்டின் கடைசி அறைக்கு வந்து சேர்ந்தவர்.

அவருக்கு இருந்தது தற்காலிக விசா. எங்கள் வீட்டில் அந்த விசா நித்திரைகொள்ளும் கைக்குழந்தை மாதிரி. அது எழும்பிவிடக் கூடாதென்று எல்லாரும் மெல்லத்தான் நடந்தார்கள். பொலிஸ் கேஸ் என்று ஒன்று வந்தால் மாமாவைப் பிடித்து மறுபடி முகாமில் போடுவார்கள், அங்கிருந்து ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தா. மாமாவும் அதற்கேற்ற ஆள்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வாகனமும் இல்லாத தெருவிலும் கடவை விளக்கில் பச்சை மனிதன் எரியும்வரை நிற்பார். எனக்கு அவரோடு கடைக்குப் போவதென்றால் எரிச்சல் எரிச்சலாக வரும்.

மலைப்பாதையில் எங்களுக்கு முன்னால் போன, பின்பக்கம் திறந்த யூட் வண்டி ஒன்று சடாரென்று பிரேக் பிடித்தது. நான்தான் முதலில் கண்டேன். கபில நிறத்தில் ஏதோ ஒன்று பாய்ந்தது, விழுந்தது, பிறகு அசையவில்லை. யூட்டிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் வளைந்துபோன முன் கம்பியைப் பார்த்துத் திட்டினார். எங்களைக் கண்டதும் குரல் மாறியது. தன் ஃபிரீசரில் இடமில்லையாம், வேண்டுமென்றால் நாங்கள் எடுத்துக்கொள்ளலாமாம், வீணாக்கக் கூடாதாம். பேச்சுக்குப் பேச்சு அப்பாவை 'மேட்' என்றார். அதிலேயே அப்பா பாதி இளகிவிட்டார்.

மாமா அதனருகே குந்தியிருந்து காதைத் தடவினார்.

"அத்தான், இது எங்கட மரை!"

"எங்கட மரை இஞ்ச என்னண்டு வரும்? விசர்க்கதை கதையாத."

மாமா சொன்னதுதான் சரி. அந்த மலைகளில் திரியும் மரைகள், ஒருகாலத்தில் வெள்ளைக்காரர் இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள் என்று நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அன்று அதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. இறைச்சி சாப்பிட ஏற்றதா என்பதுதான் ஒரே விவாதம். அடிபட்டுச் செத்த மிருகத்தைத் தின்று நோய் வருத்தம் வந்தால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார். மாமா வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"அடி தலையில மட்டும்தான். குடல் உடையேல்லை. இப்பவே கொண்டுபோய்க் கிழிச்சால் ஒரு பிரச்சினையும் இல்லை."

அப்பா போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடி இணையத்தில் வாசித்தார். சூடு ஏறாமல் வைத்தால் சரி என்று அதுவும் சொன்னது. வானுக்குள் இரத்தம் பட்டால் நீங்கள்தான் கழுவோணும் என்று அம்மா அப்பாவுக்கு முன்கூட்டியே அறிவித்தா. இப்படி எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்தார்கள். எடுக்கலாமா, சட்டம் விடுமா என்ற ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பச்சை மனிதனுக்குக் காத்து நிற்கும் மாமாகூடக் கேட்கவில்லை. ஊரில் ரோட்டில் கிடந்த இறைச்சிக்கு யார் சட்டம் பார்த்தார்கள்?

அது இன்னும் வளர்ந்து முடியாத மரை, பெரிய ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிது. வெள்ளைக்காரரே ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டார். இறைச்சி பழுதாகாமலிருக்க அப்பா குளிரூட்டியை உச்சத்தில் விட்டார். வெயிலுக்கென்று போட்டுவந்த தொப்பியும் மெல்லிய சட்டையுமாக, நடுக் கோடையில், பல் கிடுகிடுக்க வீடு வந்து சேர்ந்தோம். செரிப்பழத்தைப் பற்றி நான் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கராஜுக்குள் மாமா வேலையைத் தொடங்கினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை. வாய் ஓயாமல் கதைத்தார், பாடினார், எனக்கு ஈரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு புது பிளாஸ்ரிக் விரிப்பில் சிறு சிறு குவியலாகப் பங்கு போட்டார். ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் தனி இறைச்சி. ஒருவருக்கு நல்லதும் மற்றவருக்கு எலும்பும் போனால் அது பங்கே இல்லை என்றார். மரை கிடைத்தால் தனியே வைத்துத் தின்பது அவர் அகராதியில் இல்லாத காரியம். தெரிந்த ஏழெட்டு வீடுகளுக்கும் போன் போட்டார். எல்லாரும் சட்டிகளோடு வந்தார்கள். வந்த அன்ரி ஒருவர், கத்தியும் கையுமாகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்ற மாமாவையும் அந்தக் குவியல்களையும் படமெடுத்து, அங்கேயே நின்று முகநூலில் போட்டுவிட்டா.

மத்தியானம் போன் வந்தது. எங்கள் ஆட்களுக்கு விசா விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் அங்கிள். அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"படம் பார்த்தனான். ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்? விக்டோரியாவில லைசன்ஸ் இல்லாமல் மான் வைச்சிருக்கக் கூடாது. செத்ததெண்டாலும் கூடாது. அந்தப் பெடியன்ர விசாவை யோசிச்சனீங்களே?"

மாமா கையிலிருந்த கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார்.

இன்று யோசித்தால், அதிகாரி ஒருவர் வந்திருந்தாலும் எங்களை ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. மாநில எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸ் போனால் அதே மிருகம் வெறும் பயிரழிக்கும் பீடை, சட்டமே வேறு. ஆனால் 'விட்டிருப்பார்' என்பதை நம்பி நிம்மதியாக இருக்க நிரந்தர விசாவாவது வேண்டும்.

படம் அழிக்கப்பட்டது. அப்பா கொல்லையில் புதைக்கலாம் என்றார். அம்மா மறுத்துவிட்டா.

"நாய் கிண்டினால்? எல்லாரையும் வரச்சொல்லுங்கோ. இண்டைக்கே சாப்பிட்டு முடிப்பம்."

நழுவியிருக்கலாம். ஒருவரும் நழுவவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் பங்கு வாங்கிய வீடுகள் அத்தனையும், சமைத்ததைச் சட்டியோடும் சமைக்காததைப் பையோடும் கொண்டுவந்து இறங்கின. படம் போட்ட அன்ரி அழுதுகொண்டே வந்தா.

"ஆரும் கேட்டால் நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லுறன். எனக்குச் சிட்டிசன்ஷிப் கிடைச்சிட்டுது, என்னை என்ன செய்வினம்?"

"நீங்கள் ஏன்? வான் ஓடினது நான்" என்றார் அப்பா. இன்னொரு அங்கிள், தானே ஏற்றியதாகச் சொல்லலாம் என்றார். மரை கண்டெடுத்த பெருமைக்குத்தான் சண்டை பிடிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. "நான்தான் முதல்ல கண்டனான்!" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினா.

அப்படியொரு சாப்பாட்டை நான் பிறகு சாப்பிட்டதில்லை. மிளகு போட்ட பிரட்டல், கறுவாப்பட்டை மணக்கும் குழம்பு, ஈரல் வறுவல், அவிக்க அவிக்கப் போதாத புட்டு. அந்த வாசம் நினைத்தாலே இப்போதும் வாய் ஊறுகிறது. இருக்கக் கதிரை போதாமல் பெரியவர்கள் நிலத்தில் இருந்தார்கள். எல்லாரும் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கதைத்தார்கள்.

மாமா மட்டும் சாப்பிடவில்லை. குளித்து, கோயிலுக்குப் போடும் சட்டை போட்டு, வீட்டுக்குள்ளேயே சப்பாத்தும் போட்டுக்கொண்டு முன்கதவடியில் இருந்தார். காலடியில் ஒரு சிறு உடுப்புப் பை. விருந்துக்கு வெளிக்கிட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா ஒரு கவளம் குழைத்து அவர் வாயருகே நீட்டினா. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு யன்னலடியில் காவல் வேலை. கோடையென்றபடியால் வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். தெருவில் ஒரு கார் வேகம் குறைத்தாலும் எல்லார் கையும் சாப்பாட்டில் அப்படியே நிற்கும். "ஆர் பிள்ளை?" என்பார்கள். "நீலக் கார், போயிட்டுது" என்பேன். கைகள் மறுபடி அசையும். நான் சொல்வதை அத்தனை பெரியவர்கள் மூச்சு விடாமல் கேட்ட நாள் அதற்குமுன் இருந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வெள்ளைக் கார்! எங்கட வாசல்ல நிக்குது! ஆரோ இறங்குறார்!"

மாமா எழுந்தார். பையை எடுத்தார். "அக்கா, போயிட்டு வாறன்" என்றார். அம்மா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டா.

அப்பா கதவைத் திறந்தார். போனில் எச்சரித்த அதே அங்கிள், பெரிய ஐஸ்கிரீம் பெட்டியோடு நின்றார். அசையாமல் நின்ற கைகளையும் மாமாவின் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, எனக்கு ஒரு பங்கு இல்லையோ?"

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. மாமா பையைக் கீழே விட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணீர் ஒழுகச் சிரித்தார். அம்மா அவர் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தா.

நான் நல்லதொரு பகிடி விட்டுவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. அதைச் சும்மா விட மனம் வரவில்லை. யன்னலுக்கு ஓடிப்போய், வெறும் தெருவைப் பார்த்து இன்னும் பலமாகக் கத்தினேன்.

"இன்னொரு வெள்ளைக் கார் வருது!"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா குனிந்து பையை எடுத்தார். அதே பகிடிதானே, ஏன் சரிவரவில்லை என்று யோசித்தபடி நான் அங்கேயே நின்றேன்.