கை தூக்காத ஜப்பான் சட்டை

பத்திரிகையில் பார்த்த ஜப்பான் சட்டை எளிதாக இருந்தது. துணியை மடித்து, கழுத்து வெட்டி, இரண்டு பக்கமும் தைத்தால் முடிந்தது. கை தனியாகக் கிடையாது. பாபநாசத்தில் தோழியின் கல்யாணத்தில் நானே தைத்ததென்று காட்ட ஆசை.

"ஏட்டி, கைக்குள்ள கோழி அடைக்கலாம் போலுக்கே," என்றாள் அம்மா. எங்கள் தெருவில் தொளதொளவென்றிருந்தால் இரவல் சட்டை என்பார்கள். கல்யாணத்தன்று நான் குளித்து வருவதற்குள் அக்குளில் இறுக்கிப் பிடித்துத் தைத்துவிட்டாள். பிரிக்க நேரமில்லை, அப்படியே போட்டுக்கொண்டு போனேன்.

தாலி கட்டும்போது எல்லாரும் அட்சதை போட்டார்கள். என் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இடுப்பருகிலிருந்தே வீசினேன்.

முன்வரிசை அண்ணாச்சி வழுக்கையைத் தடவிக்கொண்டே திரும்பினார்.

"ஏம்மா, மாப்பிள்ளை அங்கன இருக்காரு. எனக்கு எப்பவோ ஆயிட்டு."