லிலிக் நிரப்பிய படிவம்

சுரபாயா துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சரக்குக் கிடங்கில் லிலிக்கைப் பிடிக்காதவர்கள் கிடையாது. பதினாறு வருடமாக வந்து இறங்கும் சரக்கைச் சரிபார்ப்பவள். கிடங்கு வேலை முழுவதையும் கணினிக்கு மாற்ற ஜகார்த்தாவிலிருந்து ஆட்கள் வந்தபோது, எங்களைப் பழக்கும் பொறுப்பை அவளிடம்தான் கொடுத்தார்கள்.

அந்த மாற்றத்தை அவள் மனதார நம்பினாள். ஸ்கேனரும் கையுமாக ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று சொல்லிக்கொடுத்தாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சாக் பைமின் மட்டும் (சாக் என்றால் எங்கள் ஊரில் அண்ணன்) கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏன் லிலிக், மூணாம் வாசல்ல மழைத்தண்ணி நிக்கும். அங்க கொண்டுபோய் மாவு மூட்டையை இறக்குன்னு சொல்லுது இந்தப் பொட்டி. இதுக்கு யாரு பாடம் நடத்துனது, நீயா?"

"எனக்கு நடத்தவே ஆளில்ல சாக், நீங்க வேற!"

எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாம் மாதம் ஜகார்த்தாக்காரர்கள் அவளிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். மாற்றத்துக்குத் தயாரானவர் பெயருக்கு நேரே பச்சை, தயங்குபவருக்கு மஞ்சள், எதிர்ப்பவருக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவோம் என்றார்கள். சாக் பைமினுக்கு யாராவது பதில் சொல்லட்டுமே என்று அவள் சிவப்பு போட்டாள். கேள்வி கேட்ட இன்னும் எட்டுப் பேருக்கும் சிவப்பு. வாயே திறக்காத எனக்குப் பச்சை.

பேச யாரும் வரவில்லை. நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து வந்த அன்று, அந்த ஒன்பது பேரின் நுழைவு அட்டைக்கும் கதவு திறக்கவில்லை; வேலை போயிருந்தது.

லிலிக் மேலாளரிடம் ஓடினாள். "அவங்ககிட்ட பேசத்தானே கேட்டீங்க?"

"மேலிடத்து முடிவும்மா. நீ நல்லாத்தான் செஞ்சிருக்க."

அன்று மாலையே சாக் பைமின் வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. லிலிக் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கிராம்பு சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தார்.

"எம்மேல உனக்கு ஏதும் கோபமா? அதெல்லாம் இல்லன்னு தெரியும். ஆனா நான் எதிர்க்குற ஆளுன்னு உனக்கு எப்பத் தோணுச்சு? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

படிவ விஷயம் கிடங்கில் பரவியபிறகு மதியச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும்தான். பழக்கும் வேலை வேண்டாமென்று அவளே எழுதிக் கொடுத்தாள். லாரிகளின் எண்களைப் பதியும் வாசல் அறைக்கு மாற்றினார்கள். போன வாரம் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

"நான் சாப்பிட்டாச்சு," என்றாள். டப்பா திறக்காமல் மேசைமேல் இருந்தது.