தலைவனுக்கு ஜோடி கிடையாது

போன வாரம் கபடி அணிகள் ஆள் எடுக்கும் நிகழ்ச்சியை என் மகன் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான். அணிகள் முறை வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தன. விடுதியில் ஆறு வருடம் அவனோடு ஒரே அறையில் இருந்த பையனின் பெயர் வந்தது. இவன் பெயர் கடைசிவரை வரவில்லை. "தூங்கப் போறேம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டான். அப்போது மதியம் மூன்று மணி. அந்தப் பையன் தினமும் போன் செய்கிறான், இவன் எடுப்பதில்லை. கதவில் காது வைத்தே எனக்குப் பொழுது போகிறது. அப்படி நிற்கும்போதுதான் அண்ணன் நினைவு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை கபடி அணி வைத்திருந்தது. அணியில் எடுத்தால் ஆலையில் நிரந்தர வேலை. கல்லங்குறிச்சித் திருவிழாப் போட்டிக்கு அந்த ஆலையிலிருந்து ஓர் அதிகாரி ஆள் பார்க்க வந்திருந்தார். கடைசியில் அண்ணனும் அத்தை மகனும் மிஞ்சினார்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணுபோலத்தான்யா ஆடுறீங்க. எங்கிட்ட ஒரு எடந்தான் இருக்கு" என்று தலையைச் சொறிந்தார்.

"உத்தி பிரிச்சிடுங்க சார்" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். சமமான இருவர் ஜோடி சேர்ந்து, ஒதுங்கிப் போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். பெயரை மட்டும் கேட்டுத் தலைவன் ஒருவனை எடுப்பான். எங்கள் ஊரில் எந்த ஆட்டத்துக்கும் அப்படித்தான் அணி பிரிப்பது. அதிகாரியும் சின்ன வயதில் ஆடியவர்தான் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

இருவரும் தேர்க்கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். அவர்களுடைய சட்டைகளைச் சுமந்துகொண்டு நானும் போனேன்.

"நான் கொள்ளிடம், நீ வெள்ளாறுடா மச்சான்" என்றான் அத்தை மகன். அண்ணன் தலையாட்டினான். தோளில் கை போட்டபடி திரும்பி வந்தார்கள்.

"கொள்ளிடம் வேணுமா, வெள்ளாறு வேணுமா சார்?"

"தண்ணி அதிகமா உள்ளதுதான் வேணும். கொள்ளிடம்."

அண்ணன் ஓரடி முன்னால் வந்தான். "நான்தாங்க கொள்ளிடம்."

அத்தை மகன் அவனைப் பார்த்தான். கபடி பாடிப் போனவன் மூச்சு முடிவதற்குள் கோட்டுக்குத் திரும்பும் நேரம் இருக்குமே, அவ்வளவு நேரம். பிறகு என்னிடம் வந்து சட்டையை வாங்கிக்கொண்டான்.

"மாமா, நீங்கதான..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பேசாம வா புள்ள. தேன்மிட்டாய் வாங்கித் தரேன்."

வாங்கியும் தந்தான். அண்ணனுக்கு வேலை, எனக்குத் தேன்மிட்டாய். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்தத் திருவிழாவில் இருந்திருக்க முடியாது. வீட்டில் அம்மா சூடம் கொளுத்தினாள். அத்தை மகன் பாடாலூருக்கு லாரியில் கல் ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான்.

பொங்கலுக்கு அண்ணன் ஆலைப் பனியனோடு ஊருக்கு வந்தான். திடலில் பையன்கள் ஜோடி சேர்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் அத்தை மகனிடம் போய், "வாடா மாப்ள, நாம உத்தி" என்று தோளில் கை வைத்தான்.

அத்தை மகன் அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டான். "நீங்க இப்ப கம்பெனி பிளேயருங்க மச்சான். ஒங்களுக்கு ஈடா இங்க யாரு இருக்கா? தலைவரா நில்லுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவனுக்கு ஜோடி கிடையாது. அண்ணன் நடுத்திடலில் தனியாக நின்றான். அத்தை மகன் வேறொருவன் தோளில் கை போட்டு ஒதுங்கிப் போனான். திரும்பி வந்து, "எது வேணுங்க தலைவரே?" என்று இரண்டு பெயர் சொன்னான். 

ஊரே சேர்ந்து அண்ணனைத் தலைவனாக்கிவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல, பாவாடை தடுக்க வீட்டுக்கு ஓடினேன்.