மாயம்மாளின் இரண்டு சடைகள்

என் அக்கா மாயம்மாள் இப்போது ஃபோர்ட் கொச்சிக்கு அக்கரையில், வைப்பின் தீவில் இருக்கிறாள். கல்யாணமாகிப் போன இடம். தினமும் காலை ஃபெரியில் இக்கரைக்கு வந்து, இறால் கம்பெனி ஒன்றில் எடை பார்த்து எழுதுகிறாள். தலையை ஒற்றைச் சடையாகப் பின்னிக்கொள்கிறாள். "ஒத்தைச் சடைக்கு ஒரு சுகம் உண்டு. அதைப் பக்கத்துல எதோடயும் வச்சுப் பார்க்க முடியாது" என்பாள். அப்படிச் சொல்வதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது.

1979-இல் அவள் ஒன்பதாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கு இரட்டைச் சடை போட்டு, மடித்து, கறுப்பு ரிப்பன் கட்டிப் போக வேண்டும். என் தலைமுடி கழுத்தோடு வெட்டியது, பிரச்சினை இல்லை. அக்காவுக்கு இடுப்பு வரை முடி. அதை அவளே இரண்டாகப் பிரித்து, அவளே பின்ன வேண்டும். இடது சடை தடியாகத் தோளுக்குக் கீழே தொங்கும். வலது சடை மெலிந்து காதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கதவு ஆணியில் மாட்டிய கண்ணாடியோ உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் தெரியாது. இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் அசைவதைப் பார்த்தால் எனக்கே தோள் வலிக்கும்.

அம்மை பின்னிவிடலாமே என்று கேட்கலாம். அம்மை மாடத்தி கார்ப்பரேஷனில் தெருக்கூட்டும் வேலை. காலை ஐந்து மணிக்கு மஸ்டர் ஏட்டில் பெயர் கொடுக்க வேண்டும். நாங்கள் எழும்போது வீட்டில் இருக்க மாட்டாள். மதியம் வந்து, கிணற்றடியில் குளித்து முடிக்கும்வரை எங்கள் தலையைத் தொடவும் மாட்டாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை. அவளாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால்கூட இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள்.

அப்பா செல்லதுரை யூதத் தெருவான ஜூ டவுனில் சுக்கு கோடவுனில் மூட்டை தூக்குகிறவர். ஒருநாள் அவர் பின்னிவிட்டார். மூட்டைக்கு வாய் கட்டுகிற பழக்கத்தில் ரிப்பனை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

"நல்லா இருக்குப்பா. கப்பல்ல ஏத்தி அனுப்பலாம்" என்றாள் அக்கா.

சாயங்காலம் அந்த ரிப்பனைக் கத்தி வைத்து அறுத்துத்தான் எடுத்தோம்.

அந்த வருடம் குடியரசு தினத்துக்கு எர்ணாகுளத்தில் பல பள்ளிகள் சேர்ந்து டிரில் காட்டும் விழா இருந்தது. அக்காவை முன்வரிசையில் போட்டிருந்தார்கள். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒத்திகையின்போது அனந்தலக்ஷ்மி டீச்சர் அவள் பின்னால் வந்து நின்றார்.

"என்னடி மாயா, ஒரு சடை வைப்பின்ல நிக்கறது, இன்னொண்ணு ஃபோர்ட் கொச்சில நிக்கறது. நடுவுல ஃபெரி விடணுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அதற்கடுத்துக் கேட்டதுதான் அவளைச் சுட்டது.

"ஆத்துல பின்னிவிட யாரும் இல்லையா?"

இல்லை என்றால் அம்மை இல்லாத வீடு மாதிரி ஆகிவிடுமே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. யோசிக்காமல், "அம்மைதான் டீச்சர் பின்னித் தந்தது" என்று சொல்லிவிட்டாள்.

"அப்படியா? அப்போ அம்மாட்ட போய்ச் சொல்லு, கொஞ்சம் கண்ணைத் திறந்து வச்சுண்டு பின்னணும்னு. டிரில்ல பாதி நேரம் மேடைக்கு முதுகைத்தான் காட்டப்போறேள். அன்னிக்கும் இப்படி வந்தா உனக்குக் கடைசி வரிசைதான்."

திரும்பி வரும் வழியில் அக்கா என்னிடம் மட்டும் இதைச் சொன்னாள். அம்மையிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கடைசி வரிசைக்குப் போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. கோணல் சடை இனி அம்மையின் கைவேலையாகிவிட்டது. தன் வாயாலேயே அம்மையின் பேரைக் கெடுத்ததை அவளால் தாங்க முடியவில்லை.

பத்து நாள் இருந்தது. குற்றம் இடது கையில்தான் என்று முடிவு செய்தாள். பழைய சேலையை மூன்று பட்டையாகக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டி, இடது கைக்குப் பழக்கம் கொடுத்தாள். சோறு தின்ன உட்கார்ந்தால்கூட அந்தக் கை விரல்கள் மடியில் பின்னிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் இடது கை நன்றாகத் தேறிவிட்டது. விளைவு, இடது சடை கயிறுபோல் இறுகி, கொம்பு மாதிரி விறைத்து நின்றது. வலது சடை பழையபடியே பாவமாகக் கிடந்தது.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலமே அம்மையைப் பின்னிவிடச் சொல்லிப் பார்த்தாள். அம்மை அழகாகப் பின்னினாள். கலையாமல் இருக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள் அக்கா. காலையில் ஒரு சடை சுவரிலேயே தேய்ந்து பஞ்சாகியிருந்தது.

அன்றுதான் இருபத்தாறாம் தேதி. அவிழ்த்து மூன்று முறை பின்னினாள். மூன்று முறையும் பழைய கதைதான். எர்ணாகுளம் போட் ஏழு மணிக்கு. நான் அவள் ஷூ பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். என்னைப் படகுத்துறைக்குப் போகும் ஜெட்டி ரோட்டில் அம்மையிடம் விட்டுவிட்டு அவள் போட் ஏற வேண்டும் என்று ஏற்பாடு.

அம்மையும் ஆவுடையம்மாள் சித்தியும் ரோட்டின் இரண்டு ஓரமும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என்னை விட்டுவிட்டு அக்கா பேசாமல் நழுவப் பார்த்தாள்.

"ஏட்டி, நில்லு. திரும்பாதே, அப்படியே நில்லு" என்றாள் அம்மை.

அக்கா நின்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. "எத்தனை தடவை பின்னினாலும் சரியாகல்லம்மா. என் கை ஒண்ணுக்கும் கொள்ளாது."

அம்மை துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, கூட்டிய ரோட்டின் ஓரம் நேராக வந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அதே மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கையில என்ன குத்தம்? வகிடுதான் கோணல். முன்னால நேரா வந்து, உச்சியில வளைஞ்சு, பிடரியில வலது காதுக்கிட்ட போய் நிக்குது. இடது பக்கம் ஒரு கை முடி கூடுதல். கண்ணாடியில முன்வகிடு மட்டுந்தானே தெரியும்."

இத்தனை நாளும் அக்கா தானே எடுத்த வகிட்டைப் பின்னாலிருந்து யாரும் கவனித்துப் பார்க்கவே இல்லை. அம்மை பார்க்கும் மாலை நேரங்களில் முடி அவிழ்ந்து கிடக்கும்.

"நீயே எடுத்து விடேன் அம்மா."

அம்மை தன் கைகளைப் பார்த்தாள். பிறகு வண்டியில் கட்டியிருந்த, இன்னும் தரையில் படாத புதுத் துடைப்பத்திலிருந்து நீளமாக ஓர் ஈர்க்கை என்னை உருவச் சொன்னாள். அதன் நுனியை என் பாவாடையில் துடைக்கச் சொல்லி, அடியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். அக்கா சடைகளை அவிழ்த்தாள். அம்மையின் விரல் படாமல், ஈர்க்கு நுனி உச்சியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பில் இறங்கியது. நான் ஒரு பக்கத்து முடியை அள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பப் பின்னு. இறுக்காதே. இடது கையை விடு, அது ரொம்ப மிடுக்கா இருக்கு."

சித்தி எதிர் ஓரத்திலிருந்து கத்தினாள். "மாடத்தி, நடு ரோட்டுல பொண்ணுக்குச் சிங்காரமா? மாப்பிள்ளை எந்த போட்ல வாறான்?"

"உனக்குத்தான் பாக்கிறேன், பொறு" என்றாள் அம்மை, பார்வையை எடுக்காமல். "வலது மடிப்பை ஒரு விரல் ஏத்து. ஏத்தாதே, அவ்வளவு வேண்டாம். ம்ம். கட்டு."

போட் மணி அடித்தது. அக்கா ஓடினாள். இரண்டு சடையும் அவள் முதுகில் ஒன்றாகத் துள்ளுவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மதியம் திரும்பி வந்தபோது அவள் முகமே சொன்னது. முன்வரிசையிலேயே நின்றிருக்கிறாள். டீச்சர் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு யார் பின்னினது?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?" என்றாள் அம்மை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மைன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கும் அம்மைன்னுதான் சொல்லியிருந்தேன், கோணலா இருந்தப்போ" என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

அம்மை ஈரத்தலையை முடிந்துகொண்டாள். "அப்போ பத்து நாளா ஸ்கூல் முழுக்க என் பேரு நாறியிருக்கு" என்றாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "வா, இப்படி உக்காரு. அவிழ்த்து விடுறேன்."

அக்கா அவள் முழங்காலுக்கு இடையில் உட்கார்ந்தாள். அம்மை ரிப்பனை உருவும் முன் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஆனா ஏட்டி, அந்த டீச்சருக்கும் கண்ணு அவ்வளவு போதாது. இடது பக்கம் அரை விரல் எறங்கித்தான் இருக்கு."