வசந்தா துடைக்காத பொருள்

பகல் பதினொன்றரைக்கு அங்கன்வாடியிலிருந்து போன் வந்தது. உப்பளத்துப் பாத்தியில் நின்றிருந்த வசந்தா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வரப்பில் வைத்திருந்த போனுக்கு ஓடினாள். அப்போதும் போனைத் தோள்துண்டால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் காதில் வைத்தாள்.

"ஏம்மா வசந்தா, உம் பொண்ணைப் புடிக்க முடியலம்மா. பந்து பின்னாடி ஓடுறா, நிக்கவே மாட்டேங்குறா!" என்றார் டீச்சர் கீதாஞ்சலி.

"மூச்சு வாங்குதுங்களா டீச்சர்?"

"எனக்குத்தான் வாங்குது!"

வசந்தா துடைக்காத பொருள் மரக்காணத்தில் இல்லை என்பார்கள். பஸ்ஸில் உட்காரும் முன் சீட்டை, டீக்கடையில் கழுவித் தந்த கிளாசை, கேட்காமலே அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை. "உட்டா கடலையே தொடச்சுட்டு வந்துடுவா" என்பான் கணவன் சிலம்பரசன். அவள் பக்கமும் நியாயம் உண்டு. உப்பளத்து ஈரத்தைத் தானாகக் காயவிட்டால் எதன்மேலும் வெள்ளை பூக்கும். பூத்த இடம் அரிக்கும்.

அதே கையால்தான் வீசிங் உள்ள நான்கு வயது மகள் யுவராணியின் ஸ்பேசரையும் துடைத்தாள். ஒரு முனையில் மருந்துப் பம்பும் மறுமுனையில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கும் பொருத்திய பிளாஸ்டிக் குழாய் அது. மற்றதெல்லாம் அவள் சரியாகவே செய்தாள். அழுகை அடங்கும்வரை காத்திருப்பாள். காற்றுப் புகாமல் மாஸ்க்கை வைத்துப் பம்பை அழுத்தி, "பொம்ம தூங்குது பாரு, மெதுவா மூச்சு உடு" என்பாள். ஆனாலும் நெஞ்சில் விசில் சத்தம் நிற்கவில்லை. அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகள் ஓட, யுவராணி வாசலில் உட்கார்ந்து அவர்கள் செருப்புக்குக் காவல் இருந்தாள். இன்னும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றுவிட்டார் டாக்டர்.

போன மாதம் நர்ஸ் மேரிசெல்வி ஸ்பேசரை வாங்கிப் பார்த்தாள்.

"என்னாக்கா, புதுசாட்டம் பளபளன்னு இருக்குது?"

"தெனம் கழுவி நல்லா தொடச்சு வெப்பேன்ல!" வசந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மேரிசெல்வி தலையில் கைவைத்துச் சிரித்தாள். "ஐயோ அக்கா! தல வாரின சீப்புல பேப்பர் ஒட்டுமே, பாத்திருக்கியா? தொடச்சா இந்தப் பிளாஸ்டிக்கும் அப்டித்தான். மருந்த இழுத்து தன் மேலயே ஒட்ட வெச்சுக்கும். பாப்பாவுக்குப் போக வேண்டியதுல பாதி இந்தக் குழாய்க்குப் போயிருக்குது. இதுக்கு இனிமே வீசிங்கே வராது, போ! வாரத்துக்கு ஒரு தடவ சோப்புத் தண்ணில கழுவு. அப்டியே காயவுடு. துணி படக்கூடாது."

"தொடைக்காமலா?" என்றாள் வசந்தா, ஏதோ புடவை கட்டாமல் தெருவில் நடக்கச் சொன்னதுபோல.

போன் வந்த அன்று சாயங்காலம் யுவராணி முழங்காலில் சிராய்ப்போடு வீடு வந்தாள். ஓடி விழுந்து அவள் சம்பாதித்த முதல் சிராய்ப்பு. வசந்தா அதைத் தெருவுக்கே காட்டினாள். பிறகு ஸ்பேசரைக் கழுவி ஜன்னலோரம் நிறுத்தினாள். துண்டு தானாகவே கைக்கு வந்துவிட்டது.

"ஏய், துண்டு!" என்றான் சிலம்பரசன்.

"தெரியும், போய்யா."

ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். கட்டையைத் துடைத்தாள். சிரித்துக்கொண்டு நின்றவனின் முகத்தையும் ஒரு துடை துடைத்தாள். ஸ்பேசர் மட்டும் சொட்டச் சொட்ட ஈரமாக நின்றது.