ஒழுங்கைக் கடைசியில் ஒரு மண் அணை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை, ஒரு சின்னச் சந்து, கால்வாயில் போய் முடிகிறது. கடைசி வீடு நேசமலர் அக்காவுடையது. கால்வாய் நிரம்பினால் தண்ணீர் முதலில் அவர் வீட்டுக்குள்தான் நுழையும். ஐந்து வருடத்தில் மூன்று தரம் நுழைந்துவிட்டது. அதனால் அவருடைய பிரிட்ஜ் எப்போதும் எட்டுச் செங்கல்லின் மேல்தான் நிற்கும்.

அக்கா நீர்ப்பாசன அலுவலகமொன்றில் முப்பது வருடம் குளங்களுக்கும் அணைகளுக்கும் படம் வரைந்தவர். ஓய்வு பெற்றதும் கந்தோர் கந்தோராக அலைந்து அனுமதி எடுத்து, ஒழுங்கை முடிவில் மூன்றடி உயர மண் அணையொன்றைக் கட்டுவித்தார். அரையடி மண், கொஞ்சம் தண்ணீர், பிறகு இறுக இடித்தல், திரும்பவும் அரையடி. அடியில் ஒரு குழாய், கால்வாய்ப் பக்கம் அதற்கொரு மூடி. எங்கள் மழைத்தண்ணீர் அதால் வெளியே போகும். கால்வாய் ஏறினால் மூடி தானாகச் சாத்திக்கொள்ளும்.

திறப்பு நாளில்தான் நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். ஒழுங்கைச் சங்கத்தின் செயலாளர் நான். மரம் நடாமல் ஒரு திறப்பு விழாவா? அணை உச்சியில் இரண்டடிக் குழி தோண்டி வேப்பங்கன்று நட்டு, ஒருவரும் கைவைக்கக் கூடாதென்று மஞ்சள் துணியும் கட்டினேன்.

மறுநாள் காலை கன்று ஒரு தொட்டியில் என் வாசலில் நின்றது. மஞ்சள் துணி கட்டியபடியே இருந்தது.

"சாமி மரத்தைப் பிடுங்கிப்போட்டீங்களே அக்கா," என்றேன்.

"அம்மாள் உங்கட வாசலிலயே இருக்கட்டும், தம்பி. அணைக்குப் புல்லுக் காணும், மரம் வேண்டாம். வேர் போற வழியால தண்ணியும் போகும்."

எனக்குப் பொல்லாத கோபம். நாலு மாதம் அவருடன் கதைக்கவில்லை.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் மத்தியானம், மழை விட்ட பிறகும் கால்வாய் ஏறி, அணை உச்சிக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் கலங்கலாகக் கசிந்தது.

"உது உங்கட வேப்பங்குழி," என்றார் அக்கா. "நிரப்பி இடிச்சனான், எண்டாலும் பழைய பிடி வரேல்ல. என்ர முத்தத்தில அடுக்கி வைச்ச மண் மூட்டையளைத் தூக்குங்கோ."

பன்னிரண்டு மூட்டை சுமந்து வந்து கசிந்த இடத்தில் அடுக்கினேன். கசிவு நின்றது.

மாலையில் கால்வாய் இறங்கியது. மூடி திறந்து, ஒழுங்கையில் நின்ற மழைத்தண்ணீர் குழாயால் போனது. அக்கா வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது; சந்தோஷம்தான், கொஞ்சம் வெட்கமும்.

அடுத்த நாள் அக்கா கூப்பிட்டார். "பிரிட்ஜை ஒரு பக்கம் பிடியுங்கோ."

ஐந்து வருடத்துக்குப் பிறகு அது நிலத்தில் நின்றது. எட்டுச் செங்கல்லையும் அவரே இரண்டு நடையாகச் சுமந்து வந்து, என் வேப்பந்தொட்டியைச் சுற்றி அடுக்கிவிட்டுப் போனார்.